காதில் சொன்ன வார்த்தை

பாத்தீங்களா, உங்க நாய்க்குட்டி வாங்கித் தின்னுபோட்டுது. இதுதானுங்க அம்மிணி தப்பு. நான் ஆரு? இந்த மாட்டாஸ்பத்திரி பெஞ்சுல உங்களுக்கு முன்னால வந்து குந்தியிருக்கற ஒரு கெழவன். என்ற பேரு இதுக்குத் தெரியாது, ஊரு தெரியாது. ஒரு பிஸ்கட்ட நீட்டுனதும் வால ஆட்டிக்கிட்டு வந்து திங்குது. நாளைக்கு ஆடு திருட வர்றவன் கறித்துண்டுல மருந்து வெச்சு நீட்டுவான், அதையும் இப்படித்தான் திங்கும். குட்டிதானேன்னு நீங்க சிரிக்கறீங்க. குட்டியிலதான் பழக்கோணும். அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?

அம்பது நாளுக் குட்டியா. ஊசி போடத்தான வந்தீங்க? டாக்டரு மாட்டுக் கேசுக்குப் போயிருக்காருங்க. எங்கயோ தோட்டத்துல கன்னுக்குட்டி குறுக்க நின்னுபோச்சாம். வர்றதுக்கு நேரமாகும். பிஸ்கட்டா? எனக்கு வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க. நான் வெளிய எங்கயும் கை நனைக்கறதில்ல. நாப்பது வருசப் பழக்கம்.

எனக்கு நாயி இல்லீங்க. இருந்துது. டாக்டருகிட்ட ஒரு பேப்பரு எழுதி வாங்கத்தான் காலைலயிருந்து குந்தியிருக்கறேன். என்ற நாயி எதனால செத்துதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு சீல் வெச்சுக் குடுக்கோணும். ஆருக்குன்னா, ஊட்டுல காட்டத்தான். ஊட்டுக்காரிகிட்டக் காட்டோணும், என்ற பையனுக்குப் போட்டோ எடுத்து அனுப்போணும். சோறு திங்காமத்தான் செத்துதுன்னு ஒரு வரி எழுதுனாருன்னாப் போதும். மத்தத நான் பேசிக்குவேன்.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரெண்டு மாசமா அவகூடப் பேச்சில்ல, அவ்வளவுதான். சோறு போடறா, திங்கறேன், எந்திரிச்சுப் போயிர்றேன்.

சரி, கேக்கறீங்க, சொல்றேன். உங்குளுக்கும் உபயோகமா இருக்கும், நாயி வளக்கப் போறீங்க.

நான் டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறனுங்க. இந்தக் காங்கயத்துல முப்பத்திரண்டு வருசமா. மாஸ்டருன்னு கேட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டுல எவனும் கை காட்டுவான். எங்க வண்டியில என்ற காலடியிலயும் ஒரு பிரேக்கு இருக்கும், தெரியுமில்ல? ஓட்டறவங்க தப்புப் பண்ணுனா நான் அழுத்திருவேன். முப்பத்திரண்டு வருசத்துல ஒரு ஆக்சிடெண்ட் இல்லீங்க. ஏன்னா நான் ஆரையும் நம்புனதில்ல. இந்த ஊருப் பொம்பளைங்க பாதிப் பேருக்கு நான்தான் வண்டி பழக்கிக் குடுத்தேன். எங்கூட்டுக்காரிக்கு மட்டும் வரல. ரெண்டு நாள் ஒக்கார வெச்சுப் பாத்தேன். கத்துனா அழுகறா. பொறுமையில்லாத ஆளு, உட்டுப்போட்டேன்.

செத்துப்போன நாயி பேரு மேஜருங்க. அதுக்கு முன்னால ஒண்ணு இருந்துது, வெள்ளையன்னு. ஆட்டுத் திருடனுங்க கறியில மருந்து வெச்சுப் போட்டுட்டானுங்க. விடியால பாத்தா நொர தள்ளிக் கெடக்குது. ஊட்டுக்காரி மூணு நாளு அழுதா. இனி நாயே வேண்டாம்னா. நான்தான் சொன்னேன், தப்பு நாயி மேல இல்ல, பழக்குனவன் மேலன்னு. ஊருக்கே பழக்கறவன் ஊட்டு நாயி கண்டவங்கிட்ட வாங்கித் தின்னு செத்துப் போச்சுன்னா நாலு பேரு என்ன சொல்லுவான்?

அப்பறம் மேஜரு வந்துது. கோம்பை நாயிங்க. செவலை நெறம், மூஞ்சி மட்டும் கருப்பு. நாப்பது நாளுக் குட்டியா, ஒரு துண்டுல சுத்தி மடியில வெச்சுக் கொண்டாந்தேன். வண்டி பழக்கற கிரவுண்டுலயே தெனமும் காலைல அரை மணி நேரம். கறித்துண்ட மூக்குக்கு மேல தூக்கிப் பின்னால கொண்டு போனீங்கன்னா தலை மேல போகும், பின்பக்கம் தானா ஒக்காரும். அந்த நேரத்துல 'சிட்'டுங்கோணும். ஒரே தடவைதான் சொல்லோணும், அம்மிணி. ரெண்டு தடவ சொன்னீங்கன்னா, ரெண்டாவது தடவதான் கேக்கோணும்னு நாயி படிச்சுக்கும். ஊட்டுல இருக்கறவங்களுக்கும் அதேதான். ஒரு தடவைக்கு மேல நான் எதையும் சொன்னதில்ல.

சிட், ஸ்டே, கம், எல்லாம் ஆறு மாசத்துல. கிரவுண்டு நடுவுல 'ஸ்டே'ன்னு சொல்லிப்போட்டு டீ குடிக்கப் போயிருவேன். சுத்தியும் எட்டுப் போட்டுக்கிட்டு வண்டிக வரும் போகும். அசையாது. லைசென்ஸ் வாங்க வந்தவங்க அத வேடிக்கை பாப்பாங்க. அது என்னையத்தான் பாக்கும்.

கடைசியாப் பழக்குனதுதானுங்க பெரிய வேலை. என்னையத் தவிர ஆரு குடுத்தாலும் திங்கக்கூடாது. பக்கத்துத் தோட்டத்துத் துரைசாமி இருக்கான், ஒறம்பறைதான், என்னைய மாமன்னு கூப்புடுவான். அவனை உட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எலும்பு வீசச் சொல்லுவேன். நாயி போகும். சங்கிலிய ஒரு சுண்டு சுண்டுவேன். மறுபடி வீசுவான், மறுபடி சுண்டுவேன். வலிக்கத்தான் செய்யும். மருந்து தின்னு சாகறத விடவா வலிக்கப் போகுது? மூணு மாசம். அப்பறம் துரைசாமி எலும்ப மூக்குமேல வெச்சாலும் மூஞ்சியத் திருப்பிக்கும். எச்சி மட்டும் ஒழுகும் பாவம். திங்காது.

அப்பறம், எப்பத் திங்கலாம்ங்கறதுக்கு ஒரு வார்த்தை வேணுமில்ல? அந்த வார்த்தைக்கு மூணு நாளு யோசிச்சனுங்க. 'சாப்புடு'ன்னு வெச்சா திருடனும் அதத்தான சொல்லுவான். 'இந்தா', 'தின்னு', எல்லாம் ஊரே சொல்ற வார்த்தை. எங்கூட்டுப் பக்கம் ஆரு வாயிலயும் வராத வார்த்தையா இருக்கோணும். ஒரு நாள் ஸ்கூலுப் போர்டத் தொடச்சுக்கிட்டு இருக்கறப்பப் பட்டுது. என்ற பேரு.

ஆமாங்க, என்ற பேருதான். சென்னியப்பன்.

சிரிக்காதீங்க, யோசிச்சுப் பாருங்க. ஊருக்கு நான் மாஸ்டரு. பையனுக்கு அப்பா. துரைசாமிக்கு மாமன். அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேந்துட்டாங்க. என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடறதுக்கு இந்தப் பூமியில ஆளே இல்லீங்க. ஊட்டுக்காரியா? அவ செத்தாலும் சொல்ல மாட்டா. நீங்கெல்லாம் இந்தக் காலம், வீட்டுக்காரரப் பேரு சொல்லித்தான் கூப்புடுவீங்க. எங்கூட்டுல அதெல்லாம் நடக்காது. ரேசன் கடையில பேரு கேட்டா, சென்னிமலை இருக்கற திக்கக் கை காட்டி 'அந்தச் சாமி பேருங்க'ம்பா. ஓட்டுப் போடப் போனாலும் அதே கதைதான். புருசன் பேர வாயில சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்னு அவங்காத்தா சொல்லி வளத்தது. நான் எத்தனையோ தடவ கேலி பண்ணியிருக்கறேன். அப்ப ஊருல கந்து வட்டிக்காரன் பேரச் சொல்லிச் சொல்லியே கொன்னுபோடலாமேன்னு.

அதனால அதவிடப் பத்திரமான வார்த்தை கெடையாது. சோத்துத் தட்ட வெச்சதும் மேஜரு ஒக்காந்து என்ற மூஞ்சியப் பாக்கும். நான் குனிஞ்சு, தலையில கை வெச்சு, காதுல சொல்லுவேன். மெதுவா, மந்திரம் சொல்றாப்பல. ஒடனே திங்கும். என்ன சொல்றேன்னு அவளுக்கே தெரியாது. ஆறு வருசம் அவதான் அதுக்கு ஆக்குனா. ராகிக் களியும் கோழித் தலையும், உப்பில்லாமத் தனியா. ஆக்கி ஆறவெச்சுப் பெசஞ்சு கொண்டாந்து வெச்சுட்டு, தள்ளிப் போய் நின்னுக்குவா. 'அப்படி என்னதான் சொல்றீங்க, எனக்கும் சொல்லுங்களேன்'னு ஒரு தடவ கேட்டா. உனக்கெதுக்குன்னு சொல்லிப்போட்டேன்.

அவளப் பத்தி ஒரு நல்லதும் சொல்லோணும். நான் சாப்புடாம அவ சாப்புட மாட்டா. நாப்பத்தியொரு வருசமா. ராத்திரி எந்நேரமானாலும் சரி. அத நான் பழக்கலீங்க, அவளா இருக்கறதுதான்.

போன தை மாசம் ஒரு திங்கக்கிழமை. பேங்குல வேலை பாக்கற ஒரு பொண்ணு வண்டி ஓட்டிக்கிட்டு இருக்குது, நான் பக்கத்துல. நெஞ்சுல ஆரோ முட்டி போட்டு அழுத்துனாப்பல இருந்துது. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் புரியல. என்ற காலுப் பிரேக்க நானே அழுத்தி ஓரமா நிறுத்துனேன். நெனச்சுப் பாருங்க, அந்த நேரத்துலயும். பொழுதோட கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில கெடக்கறேன். மூணு எடத்துல அடைப்பு, நெஞ்சத் தொறந்துதான் பண்ணோணும், வியாழக்கிழமை வெச்சுக்கலாம்னுட்டாங்க. ஆம்பளைங்க வார்டுங்கறதால பையன் ஓசூருலயிருந்து வந்து கூட இருந்துக்கிட்டான். அவ ஊட்டுல. கறவை மாடு ரெண்டு இருக்குது, நாயி இருக்குது, அதுகள ஆரு பாக்கறது?

புதங்கெழமை காலைல போன் பண்ணுனா. 'மேஜரு சோறு திங்க மாட்டீங்குதுங்க. திங்கக்கெழமையிலயிருந்து. தண்ணி மட்டும் நக்கிக்குது. நீங்க காதுல என்ன சொல்லுவீங்கன்னு சொல்லுங்க, நான் சொல்லிப் பாக்கறேன்'னா.

உங்குளுக்கு உண்மையச் சொல்றதுக்கு என்ன. எனக்கு சந்தோசமா இருந்துதுங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு மில்லுக்காரரு படுத்திருந்தாரு, அவருகிட்டச் சொன்னேன், 'பாருங்க, நான் இல்லைன்னு மூணு நாளாச் சோறு திங்காமக் கெடக்குது'ன்னு. நர்சுக்கிட்டச் சொன்னேன். வார்டே பேசுச்சு. 'நாயின்னா இதுதான் நாயி'ன்னாரு அந்த மில்லுக்காரரு.

வார்த்தையச் சொல்லலீங்க. எட்டுப் பேரு படுத்திருக்கற வார்டுல, என்ற நாயி என்ற பேரக் கேட்டாத்தான் திங்கும்னு எப்படிச் சொல்றது? அதுவுமில்லாம இன்னொருத்தரு வாயால ஒருக்காக் கேட்டுதுன்னா பழக்குனது அத்தனையும் பாழு. மேஜரு காதுல போன வெச்சுட்டு நீ தள்ளிப் போய் நில்லுன்னேன். வெச்சா. போர்வைக்குள்ள தலைய உட்டுக்கிட்டு நானே சொன்னேன், வழக்கம்போல மெதுவா. சித்த நேரங்கழிச்சு அவ போன எடுத்தா. என்னாச்சு, தின்னுச்சான்னேன். 'இல்லீங்க, உங்க சத்தங்கேட்டதும் கேட்டுக்கு ஓடிருச்சு. ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்குது'ன்னா. அன்னைக்குப் பூரா அங்கயேதான் நின்னுதாம். அதுக்கப்பறம் கேட்ட உட்டு வரவே இல்லையாம்.

பொழுதோட பெரிய டாக்டரு வந்து பையன்கிட்ட ஒரு பாரத்துல கையெழுத்து வாங்குனாரு. என்ன நடந்தாலும் நாங்க பொறுப்பில்லைங்கற பாரம். அப்பத்தான் நெனச்சேன், நான் திரும்பி வரலைன்னா இந்த நாயி என்னாகும்? பையன வெளிய போகச் சொல்லிப்போட்டு அவளுக்கு நானே போன் போட்டேன். இந்தா, அது என்ற பேருதான், தலையில கை வெச்சுக் காதுல சொல்லு, திங்கும்னேன்.

லைனு கட்டாயிருச்சோன்னு பாத்தேன். இருக்கறா. 'கேட்டுச்சா'ன்னேன். 'கேட்டுது'ன்னா. 'சொல்லுவியா'ன்னேன். 'நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க'ன்னு வெச்சுட்டா.

அவ்வளவுதான் அம்மிணி. ஒரு வார்த்தை. துட்டா காசா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு நான் ஏன் இந்தப் பெஞ்சுல குந்தியிருக்கறேன்?

ஆபரேசன் அன்னைக்கு அவ வந்துட்டு, நான் கண்ணு முழிக்கறதுக்கு முன்னாலயே கண்ணாடி வழியாப் பாத்துட்டு மாடு கறக்கோணும்னு பஸ் ஏறிட்டாளாம். எனக்கு நெனவு வந்து, வாயில இருந்த கொழாய எடுத்ததும் பையன்கிட்ட மொதல்ல கேட்டது 'மேஜரு சாப்புட்டானா'ன்னுதான். 'சாப்புட்டான்ப்பா'ன்னான். தெனமும் கேட்டேன், தெனமும் சாப்புட்டான்னான். நெஞ்சுல தையல் இருக்கற மனுசன்கிட்ட வேறென்ன சொல்லுவான்? நான் நிம்மதியாக் கெடந்தேன். ஆஸ்பத்திரிச் சோறு நல்லாத்தான் இருந்துது, அதையும் சொல்லோணும்.

ஊட்டுல நடந்தது எனக்கு அப்பறந்தான் தெரியும், துரைசாமி பொண்டாட்டி சொல்லி. எங்கூட்டுக்காரி காலைல பால் ஊத்திப்போட்டு வந்ததும், சோத்துத் தட்ட வெச்சுக்கிட்டு கேட்டுகிட்ட நாயி முன்னால குந்திக்குவாளாம். 'சாமி, ராசா, கண்ணு, அப்பா வந்துருவாரு, ஒரு வாய் தின்னு'ன்னு கெஞ்சுவாளாம். தலையில கை வெச்சுக் காதுகிட்டக் குனிவாளாம். வாயத் தொறப்பாளாம், மூடிக்குவாளாம். தொறப்பாளாம், மூடிக்குவாளாம். துரைசாமியக் கூப்பிட்டு, 'மாமன் பேர நீ சொல்லு'ன்னு சொல்ல வெச்சிருக்கா. துரைசாமி கத்திக் கத்திச் சொல்லியிருக்கான். எலும்பு வீசுன ஆளாச்சே அவன், அவன் வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்குமே. அதுவும் நான் பழக்குனதுதான்.

அப்பறம் ஒரு நாள் நாயிக் கழுத்துல கயிறக் கட்டி மெதுவா நடத்திக்கிட்டு ரோட்டுக்கு வந்தாளாம். ஊட்டு முன்னாலதான் ஸ்கூலு. மேல போர்டு இருக்குதுங்க, எத்தாச்சோடு பெரிய எழுத்து, சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல்னு. அது முன்னால நாய நிறுத்தி, போர்டக் கை காட்டி, 'அந்தப் பேருதான்டா சாமி, அந்தப் பேருதான். தின்னுக்க'ன்னாளாம். நாயி அவ விரலப் பாத்துதாம். ரோட்டுல போறவங்க பாத்துச் சிரிச்சாங்களாம்.

இதக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் உங்குளுக்குத் தெரியாது. நாய்க்குப் படிக்கத் தெரியுமா? போர்டக் காட்டறதுக்கு வாயத் தொறந்து சொல்லித் தொலச்சா என்ன?

ஒன்பதாம் நாளு இங்க கொண்டாந்திருக்கா. காரு ஊட்டுல நிக்குது, ஓட்டத் தெரியாது. பத்தொன்பது கிலோ நாயி, பதினாலு கிலோ ஆயிருச்சாம். மடியில போட்டுக்கிட்டு ஆட்டோவுல வந்தா. இந்த டாக்டரு குளுக்கோசு ஏத்துனாரு, டியூப் போட்டுக் கஞ்சி உட்டுப் பாத்தாரு, வாந்தி எடுத்துருச்சு. தெனமும் கொண்டாந்து தெனமும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கா. கிட்னி போயிருச்சுன்னாராம். பையன் இப்ப அதத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறான், 'அப்பா, கிட்னியிலதான் செத்துச்சு, அம்மாவச் சொல்லாதீங்க'ன்னு. கிட்னி எதனால போச்சு? அதத்தான் எழுதிக் குடுங்கன்னு கேக்க வந்தேன்.

நான் ஊட்டுக்கு வந்தது பதினாலாம் நாளு மத்தியானம். காரு சத்தங்கேட்டு மேஜரு எந்திரிக்கப் பாத்துது. முன்னங்காலு எந்திரிச்சுது, பின்னங்காலு வரல. வாலு மட்டும் மண்ணுல இப்படி, இப்படி. தோலுக்குள்ள எலும்பு தெரியுது. எனக்குக் குனியக்கூடாது, பாரந்தூக்கக்கூடாது, தையல் பிரிஞ்சுரும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. நான் மண்ணுல குந்திட்டேன். அவ தட்டக் கொண்டாந்து வெச்சா. பால் சோறு, கொழையக் கொழையப் பெசஞ்சு. நான் தலையில கை வெச்சு, காதுல சொன்னேன்.

ஒடனே வாங்கிருச்சுங்க. ஒரு கவளம் வாயில வாங்கிருச்சு. சொன்னா வாங்கோணுமில்ல. ஆனா முழுங்க முடியல. தொண்டையில எறங்க மாட்டீங்குது. துப்பவும் இல்ல. நான் குடுத்ததத் துப்பக்கூடாதுன்னும் பழக்கியிருந்தேன். வாயில சோத்த வெச்சுக்கிட்டு என்னையவே பாத்துது. நான் விரல உட்டு எடுத்துப் போட்டேன். மறுபடி என்ற கையப் பாத்து வாயத் தொறந்துது. வேண்டான்டா, போதும்டான்னேன். அதுக்கு என்ன வார்த்தைன்னு நான் பழக்கலீங்க.

மறுநா விடியால போயிருச்சு.

தென்ன மரத்தடியில துரைசாமி குழி வெட்டுனான். நான் ஓரமாச் சேருல. மண்ணு தள்றதுக்கு முன்னால அவ குழிக்குள்ள எறங்குனா. கையில ஒரு கவளம் சோறு. அத மேஜரு வாய்கிட்ட வெச்சா. தலையில கை வெச்சா. நான் வெக்கறாப்பலயே. காதுகிட்டக் குனிஞ்சு என்னமோ சொன்னா. எனக்குக் கேக்கல, ஒதடு அசையறது மட்டும் தெரிஞ்சுது. நாப்பத்தியொரு வருசத்துல மொதத் தடவ.

எனக்கு வந்துது பாருங்க கோவம். 'இப்பச் சொல்லி ஆருக்கு லாபம்? அன்னைக்கே சொல்லியிருந்தா எம்பட நாயி உசுரோட இருந்திருக்குமே, கொன்னுபோட்டியே'ன்னு அத்தன பேரு முன்னாலயும் கத்திப்போட்டேன். அவ குழிக்குள்ள நின்னமேனிக்கு என்னைய அண்ணாந்து பாத்து ஒரு சாக்குச் சொன்னா. 'நீங்க அங்க நெஞ்சத் தொறந்து போட்டுக் கெடந்தீங்க. நான் எந்த வாயில சொல்லுவேன்?'னா. இதெல்லாம் ஒரு சாக்குங்களா? படிக்காத சனம்னாலும் ஒரு அளவில்லையா? அன்னைக்கு நிறுத்துனேன் பேச்ச.

ஏனுங்க அம்மிணி, கண்ணத் தொடைக்கறீங்க? நாயி கதையச் சொல்லி உங்கள அழ வெச்சுட்டேன். நல்ல நாயிங்க அது, ஆரு கேட்டாலும் அழத்தான் செய்வாங்க.

நாய்க்கில்லையா?

அம்மாவுக்கா? எந்த அம்மாவுக்கு? எங்கூட்டுக்காரிக்கா?

அவளுக்கு எதுக்கு அழுகறீங்க. அவ நல்லாத்தான் இருக்கறா. மாடு கறக்கறா, சோறாக்கறா. எளச்சிருக்கா. அது வயசு. துரைசாமி பொண்டாட்டிகூடச் சொன்னா, நாயி திங்காத நாளெல்லாம் அவளும் திங்கலையாட்ட இருக்குதுன்னு. வெச்ச சோறு ரெண்டு பேருதும் அப்படியே மாட்டுத் தொட்டிக்குத்தான் போச்சுன்னு. அத நான் காதுல வாங்கல.

அவளுக்கு அந்த நாயின்னா உசுருங்க. என்னைய விட அவதான் அதுகூட இருந்தது. நான் சிட்டும் ஸ்டேயும் சொல்லிப்போட்டு ஸ்கூலுக்குப் போயிருவேன். பகலெல்லாம் அவ பொறத்தாலயேதான் சுத்தும். உண்ணி பொறுக்குவா. மத்தியானத்துல அது அவ காலுமேல தலைய வெச்சுத்தான் தூங்கும். அவ கண்ணு முன்னால அது அணைஞ்சுக்கிட்டு வருது. கையில வார்த்தை இருக்குது. வாயத் தொறக்கறா, மூடறா. அந்தப் பக்கம் நான் கெடக்கறேன், வாயில கொழாயோட. பத்து நாளுங்க. பத்து நாளும் தட்டு முன்னால குந்திக்கிட்டு.

ஆபரேசன் பண்ணுன டாக்டருக்கு நான் மால போட்டு, சால்வ போத்திட்டு வந்தேன். 'நீங்க பொழச்சது பெரிய விசயம், மாஸ்டர். ரெண்டு தடவ கையை உட்டுப் போயிட்டீங்க'ன்னாரு. உங்க கைராசிங்கன்னு கும்புட்டேன்.

ஊட்டுக்கு வந்து அவளப் பாத்துத்தான் 'கொன்னுபோட்டியே'ன்னு கத்துனேன்.

ஜீப்பு சத்தம் கேக்குது. டாக்டரு வந்துட்டாரு போலிருக்குது. நீங்க போங்க அம்மிணி, குட்டிக்கு ஊசி போடுங்க. இல்லீங்க, நான் வரல. எனக்கு ஒண்ணும் எழுத வேண்டியதில்ல. அவரு என்னத்த எழுதுவாரு?

மணி என்னங்க? மூணரையா?

காலைல ஏழு மணிக்குக் கெளம்புனேன். இட்லி எடுத்து வெச்சா, அவ மேல இருந்த கோவத்துல திங்காம வந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள போயிரலாம்னு நெனச்சேன். மூணரை மணின்னா அவ இன்னும்…

சக்கரை மாத்திரை போடறவங்க அவ.

அம்மிணி, ஒரு ஒதவி பண்ணுங்க. இந்தப் போன்ல 'ஊடு'ன்னு இருக்கும், போட்டுக் குடுங்க. கண்ணாடி மறந்துட்டேன். இல்ல, கண்ணாடி போட்டுத்தான் இருக்கறேன், சித்த மங்கலா இருக்குது. அடிக்குதுங்களா? இப்படிக் குடுங்க.

நாந்தான்.

மாட்டாஸ்பத்திரியில இருக்கறேன். ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கறேன். நீ சாப்புட்டியா?

சாப்புடு.

சாப்புடுன்னா, நான் சாப்புட்டேனான்னு கேக்கறா. அவகிட்டப் பொய் சொல்ல எனக்கு வராதுங்க. அம்மிணி, அந்த பிஸ்கட்டு மீதி இருக்குதா? குட்டிக்கு வாங்குனதுதான், பரவாயில்ல, ஒண்ணு குடுங்க. கையிலயே குடுங்க.

இந்தா, சாப்புடறேன். வாயிலதான் இருக்குது. சத்தியமா. ஆரோ ஒரு அம்மிணி குடுத்துது, உனக்குத் தெரியாது. நீ போய்த் தட்டு எடுத்து வெச்சுக்க. நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் காத்திருக்காத.

பூவாத்தா.

உன்னையத்தான். சாப்புடு, பூவாத்தா.

வெச்சுட்டாளா? இல்ல, இருக்கறா. இருங்க. தட்டு எடுக்கற சத்தம் கேக்குது.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க அம்மிணி. இது எறங்க மாட்டீங்குது.